இட்டேரி இருக்க மலைக்கு எதற்கு?

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு ஆறு நாள் காங்கயம் பக்கம் மாமனார் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தங்கப் போகிறோம். ஓய்வுதான் நோக்கம். ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் கிளம்பி விளக்கு வைப்பதற்குள் திரும்புகிற மாதிரி, தார்ச்சாலை இல்லாத வழிகளில் வண்டி ஓட்ட ஆசை. எங்களுடையது டீசல் மஹிந்திரா தார், ஃபோர் வீல் டிரைவ், கம்பெனி டயர். மனைவியும் 9, 13 வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். டாப்சிலிப், தெங்குமரஹாடா, கடம்பூர், பர்கூர் என்று வீடியோ பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். இவற்றில் எது நல்லது? வேறு வழிகள் இருந்தால் எப்படித் தேடுவது? ஆஃப்ரோடு ஓட்டியது ஒரே ஒருமுறை, அதுவும் பயிற்சித் திடலில்.
- வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்த நான்கு பெயர்களையும் அடித்துவிடுங்கள். டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே காட்டைச் சுற்றிப் பார்ப்பது வனத்துறை வண்டியில்தான், உங்கள் வண்டியில் அல்ல. தெங்குமரஹாடாவுக்கு பவானிசாகர் பக்கமிருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே போக வேண்டும், கடைசியில் மாயாறு குறுக்கே நிற்கும். வெளியார் வண்டிக்கு வனத்துறை அனுமதி தேவை, அது கேட்டவுடன் கிடைப்பதில்லை. கடம்பூர் வரை தார்ச்சாலை. வீடியோக்காரர்கள் படம் பிடிப்பது அதைத் தாண்டி மாக்கம்பாளையம் வழியில் குறுக்கிடும் பள்ளங்களை, அதாவது ஓடைகளை. அதுவும் காப்பகப் பகுதிதான். மழை வந்தால் அந்த ஊர்க்காரர்களே அக்கரையில் மாட்டிக்கொள்கிற வழி. பர்கூருக்கு அந்தியூரிலிருந்து மலைச்சாலை இருக்கிறது, தாராளமாகப் போய் வரலாம். ஆனால் அந்த மலைக்காடுகள் 2024-இல் தந்தை பெரியார் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. நீங்கள் பார்த்த வீடியோ அதற்கு முன்பு எடுத்ததாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். ஒன்றையும் தொடாவிட்டாலும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், ஒற்றைத் தடத்தில் எதிரே யானை நின்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பின்னோக்கி எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

நீங்கள் தேடுகிற வழி மாமனார் வீட்டுப் படலைத் திறந்தாலே தொடங்கிவிடுகிறது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரம் முழுக்க இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு: கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரமுமாக மாடும் செம்மறியும் மேய்கிற நிலம். இந்தத் தடங்கள் ஊரையும் ஊரையும், தோட்டத்தையும் சந்தையையும் இணைக்க உண்டானவை. பலவற்றில் தார் போட்டுவிட்டார்கள். போடாதவை இன்னும் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

ஒரு சொல் விளக்கம், இல்லாவிட்டால் வழி கேட்கும்போது குழம்புவீர்கள். கொங்கில் 'காடு' என்றால் பெரும்பாலும் மானாவாரி நிலம். 'காட்டுத் தடத்துல போங்க' என்றால் வனத்துக்குள் அனுப்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 'தோட்டம்' என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள பூமி. 'பள்ளம்' என்றால் ஓடை. 'கரடு' என்றால் பாறைக்குன்று. திசையும் இடது வலது என்று வராது: 'மேக்கால போயி, கரடு வந்ததும் வடக்கால திரும்புங்க' என்றுதான் வரும். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே கேளுங்கள்.

வழி தேடுவதைச் சென்னையிலேயே தொடங்கலாம். சாளையை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் வட்டத்துக்குள் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இட்டேரி தெளிவாகத் தெரியும்: இணையாக ஓடும் இரண்டு பச்சைக் கோடு, நடுவே வெளிர் பட்டை. பச்சைக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் அந்த இடம் புதர் மூடிக் கிடக்கிறது. அளவுகோல் வசதியை வைத்து அகலத்தை அளந்துவிடுங்கள். உங்கள் வண்டி 1,820 மில்லிமீட்டர் அகலம், அது கண்ணாடி இல்லாமல். வேலிக்கு வேலி இரண்டரை மீட்டராவது இருந்தால்தான் வண்டியில் கோடு விழாமல் வெளியே வரலாம். தடம் ஓர் ஓட்டு வீட்டோடு முடிந்தால் அது அந்தத் தோட்டத்துக்காரரின் சொந்தத் தடம், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு முனையிலும் ஊரோ சாலையோ இருக்கிற தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களும் கிடைக்கும். ஒரே இடத்தை மார்ச் மாதப் படத்திலும் நவம்பர், டிசம்பர் படத்திலும் ஒப்பிடுங்கள். கோடையில் வெளுப்பாகவும் மழைக்காலத்தில் கறுப்பாகவும் தெரிகிற திட்டு, தண்ணீர் தேங்குகிற இடம். பொங்கல் சமயத்தில் அது மேலே காய்ந்து உள்ளே களியாக இருக்கும்.

படத்தில் கறுப்பாக, சதுரமாகவோ வட்டமாகவோ தெரிவதெல்லாம் கிணறு. இதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் பக்கம் வண்டிக்குப் பெரிய ஆபத்து சேறோ பாறையோ அல்ல, கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுதான். தடத்தை ஒட்டியே இருக்கும், விளிம்பில் புல் மறைத்திருக்கும், ஆழம் அறுபது எழுபது அடிகூட இருக்கும். தெரியாத தடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டுமானால் ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டாமல் ரிவர்ஸ் போடாதீர்கள். ரிவர்ஸ் கேமரா புல்லைத்தான் காட்டும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை இணையத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். தார்ச்சாலை, மண்சாலை, வண்டித்தடம், ஒற்றையடிப் பாதை ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டுக் குறி உண்டு. அதில் வண்டித்தடமாக இருந்து, செயற்கைக்கோள் படத்திலும் அழியாமல் இருக்கிற தடம் நெடுங்காலப் பொதுவழியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய இன்னொரு படி இருக்கிறது. தமிழக அரசின் இணையவழி நிலச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) விவரம் வரும். அதில் 'வண்டிப்பாதை' என்றோ 'பாதை புறம்போக்கு' என்றோ இருந்தால் அது யாருடைய பட்டாவும் அல்ல. இதை எல்லாத் தடத்துக்கும் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் படல் போட்டு மறித்திருக்கிற தடத்துக்கு மட்டும் பார்த்தால் போதும். பதிவேடு உங்கள் பக்கம் இருந்தாலும், மறித்தவரோடு சண்டைக்கு நிற்காதீர்கள். நீங்கள் ஆறு நாளில் போய்விடுவீர்கள், மாமனார் அங்கேதான் இருக்கப் போகிறார்.

ஊர் வந்து சேர்ந்ததும் யாரைக் கேட்பது? பால் சொசைட்டிக்குப் பால் எடுக்கிற வண்டிக்காரரை. விடியற்காலையில் மழை வெயில் பாராமல் எல்லாத் தடத்திலும் போகிறவர் அவர்தான். அடுத்தது உழவு டிராக்டர் ஓட்டுகிறவர். கேட்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஜீப் போகுமுங்களா?' என்று கேட்டால் 'அதெல்லாம் போலாமுங்க' என்றுதான் பதில் வரும். வந்தவர் மனம் நோகக் கூடாது என்கிற மரியாதை அது. 'இந்த மழைக்கப்புறம் டிராக்டர் போச்சுங்களா? டிப்பர் போச்சுங்களா?' என்று கேளுங்கள். டிப்பர் போயிருந்தால் உங்கள் வண்டி நிச்சயம் போகும். டிராக்டர் மட்டும் போயிருந்தால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். டிராக்டரின் பெரிய பின் சக்கரம் போட்ட இரட்டைப் பள்ளத்தின் நடுவே மண் மேடு நிற்கும். உங்கள் வண்டிக்குத் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரை முழம்தான். அந்த மேடு இதைவிட உயரமாக இருந்தால் வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும், நான்கு சக்கரமும் காற்றில் சுற்றும்.

முந்தின நாள் மாலை மாமனாருடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு மறுநாள் போகிற தடத்தின் சந்தேகமான பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிடுவது இதையெல்லாம்விட நல்லது. அரை மணி நேர வேலை.

இனி எங்கே போவது.

முதல் நாளைக்குச் செவ்வல் மண் போதும்: காங்கயத்துக்கும் ஊதியூருக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட கொரங்காட்டு இட்டேரிகள். மழை குறைந்த வட்டாரம். மண்ணில் சரளை கலந்திருப்பதால் மழை நின்ற இரண்டு மூன்று நாளில் தடம் உலர்ந்துவிடும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மண் கிடையாது. ஊதியூர் மலை வனத்துறைக் காடு, அதன் மேல் ஏற வேண்டாம். அடிவாரத்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகிற தடங்களே ஒரு நாளுக்குத் தாராளம். இட்டேரியில் சராசரி வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர்தான் வரும். 20 கிலோமீட்டர் மண் தடம், 40 கிலோமீட்டர் தார்ச்சாலை என்று திட்டம் போட்டால் காலை 8 மணிக்குக் கிளம்பி, நடுவே ஒரு வேல மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்து, 3 மணிக்குத் திரும்பிவிடலாம். ஜனவரியில் ஆறேகாலுக்கெல்லாம் பொழுது இறங்கிவிடும். இருட்டில் இட்டேரியில் இருக்கக் கூடாது. காரணம் மேலே சொன்ன கிணறுகள்தான்.

எதிரே டிராக்டர் வந்தால் பின்வாங்க வேண்டியவர் நீங்கள். போகும்போதே அகலமான இடங்களை மனதில் குறித்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு படல் முன்பும் கொஞ்சம் அகலம் இருக்கும். மாட்டு மந்தையோ செம்மறிப் பட்டியோ வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஆரன் வேண்டாம். திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போங்கள். தடத்துக்குக் குறுக்கே சொட்டுநீர்க் குழாயோ பைப்போ அரையடி ஆழத்தில் புதைத்திருப்பார்கள், புது மண் கோடு காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் நேர்க்கோட்டில் மெல்லத் தாண்டுங்கள். சக்கரம் சுழன்றாலோ ஸ்டியரிங் ஒடித்தாலோ குழாய் பிய்ந்துவிடும். பிய்ந்தால் தேடிப் போய்ச் சொல்லி, காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.

கொரங்காட்டில் இன்னொரு கவனம் வேண்டும். தை மாதத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். உங்கள் டீசல் எஞ்சின் பிஎஸ் 6 என்பதால் சைலன்சர் வரிசையில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்கும்போது அது சாதாரண சைலன்சரைவிட மிக அதிகமாகச் சூடாகும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க அது போதும். வெறும் மண்ணில் நிறுத்துங்கள். அடியில் சிக்கிய புல்லை மதியம் ஒருமுறை இழுத்துப் போடுங்கள். மூன்று நாள் இட்டேரியில் மெதுவாகவே ஓட்டினால் அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காமல் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பயப்பட வேண்டாம், வீடு திரும்பும்போது தாராபுரம் சாலையில் 60-க்கு மேல் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

இரண்டாவது பயணத்துக்கு வடக்கே நொய்யல் பக்கம் போகலாம். சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர் வாக்கில் நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய, கல்மணி செய்த பழைய ஊர். அகழாய்வு நடந்த இடம். பிள்ளைகளுக்கு அங்கே காட்டவும் சொல்லவும் விஷயம் உண்டு. சுற்றுவட்டார நிலங்களில் கற்குவியலும் கல்வட்டமுமாகக் கிடப்பவை ஈமச்சின்னங்கள், தடத்தை விட்டு விலகி அவற்றின் மேல் வண்டியை ஏற்றிவிட வேண்டாம். ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். நொய்யலில் சாயக்கழிவு படிந்த வண்டல் உண்டு, பிரேக்குக்கும் நல்லதல்ல, பிள்ளைகள் காலுக்கும் நல்லதல்ல. தரைப்பாலம் வழியாகவே கடந்துகொள்ளுங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால்? உங்கள் வண்டிக்கு 650 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கிற தண்ணீருக்கு, அடித்தளம் தெரிந்த இடத்துக்கு. ஓடுகிற தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீர் வண்டியைக் கொஞ்சம் தூக்கியதுமே டயரின் பிடிப்பு போய்விடும். முழங்காலுக்குக் கீழே, பாலத்தின் இரண்டு விளிம்பும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முதல் கியரில் ஒரே சீராகப் போங்கள். கரையேறியதும் மெல்ல ஓட்டிக்கொண்டே நாலைந்து தடவை பிரேக்கைத் தொட்டு உலர்த்துங்கள். மற்றபடி திரும்பி வருவதுதான் சரி.

அந்தப் பக்கத்துக் கீழ்பவானி வாய்க்கால் கரையும், காங்கயம் பக்கத்துப் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் கரையும் படத்தில் அருமையான நீளத் தடமாகத் தெரியும். கீழ்பவானி வாய்க்கால் மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆசைப்படாதீர்கள். அவை நீர்வளத்துறையின் பராமரிப்பு வழி. ஒரு வண்டி அகலம், திருப்ப இடமில்லை, ஒரு பக்கம் ஆள் மூழ்குகிற தண்ணீர். தண்ணீர் ஓடுகிற பருவத்தில் மண்கரையின் விளிம்பு உள்ளே ஊறி இளகியிருக்கும். மேலே நடந்தால் தெரியாது, இரண்டு டன் ஏறினால்தான் தெரியும். வாய்க்காலுக்கு இணையாகக் கொஞ்சம் தள்ளி ஓடுகிற இட்டேரியே போதும்.

மூன்றாவது பயணம் கரிசல். உடுமலை, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகளுக்காகப் போட்ட அகலமான கிராவல் தடங்கள் இருக்கின்றன. பெரிய இறக்கைகளைக் கொண்டுவரப் போட்டவை, வளைவுகள் தாராளமாக இருக்கும். சில தடம் பொது, சில தடம் காற்றாலைக் கம்பெனியுடையது. சங்கிலியோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் திரும்பிவிடுங்கள். உருண்டைச் சரளையில் டயர் கோலிக்குண்டு மேல் நிற்கிற மாதிரிதான். பிரேக் அடித்தால் ஏபிஎஸ் இருந்தும் தார்ச்சாலையைவிட அதிக தூரம் ஓடித்தான் நிற்கும். 30-ஐத் தாண்டாதீர்கள்.

கிராவலை விட்டுக் கரிசல் தடத்தில் இறங்குவதானால் ஒரு நிபந்தனை: கடைசி மழை பெய்து பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பும், மேலே வெடித்துக் காய்ந்தாலும் அடியில் ஈரத்தை விடாது. இறங்கி நின்று குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பொருக்கு உடைந்து தூளானால் போகலாம். குதிகால் அழுந்தி, எடுக்கும்போது பசை மாதிரி இழுத்தால் அது உங்கள் டயரின் இடுக்குகளை ஐந்து சுற்றில் நிரப்பி வழவழப்பாக்கிவிடும். கம்பெனி டயரின் வெட்டுகள் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானவை, சேற்றுக்கென்றே செய்தவை அல்ல; நிரம்பிய களியை எளிதில் உதறாது. காய்ந்த குளம், குட்டை, அணைப் படுகைக்கும் இதே கதைதான். பரந்து கிடக்கிறதே என்று இறக்கிவிட்டு, இழுக்க ஆளைத் தேடி நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்கள் உண்டு.

காற்றழுத்தம். கதவு நிலையில் ஒட்டியிருக்கிற அளவுதான் தார்ச்சாலைக்கு. செவ்வல் இட்டேரிக்கு அதில் கால்வாசி குறையுங்கள். 32 பிஎஸ்ஐ என்றால் 24, 25. டயர் தரையில் படுகிற பரப்பு நீளும், குலுக்கல் குறையும், பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குக் குமட்டாது. வேலியோரத் தடத்தில் 24-க்குக் கீழே போகாதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும்; வேலமுள்ளும் கூர்ங்கல்லும் அங்கே குத்தினால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரே போச்சு. பள்ளத்து மணலுக்கும் கரிசலுக்கும் 18 வரை இறக்கலாம், ஆனால் வேகம் 30-க்குள், வளைவில் ஒடித்துத் திருப்பக் கூடாது. மறுபடி காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் வேண்டும். விலை குறைந்தது ஒரு டயருக்கு ஐந்தாறு நிமிடம் எடுக்கும். இரண்டு டயருக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஆறவிடாவிட்டால் மூன்றாவதில் புகைந்துவிடும்.

முள் ஏறுவது நிச்சயம். சீமைக்கருவேல முள் ஏறினால் அங்கேயே பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக இருந்து வீடு வரை காற்றைத் தாங்கும். சாளைக்கு வந்து சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிற இடத்தில் பிடுங்கிப் பஞ்சர் திரி போட்டுவிடுங்கள். மறுநாள் காலை ஒரு டயர் மட்டும் அமுங்கியிருந்தால் நீங்கள் பார்க்காமல் விட்ட முள் ஒன்று இருக்கிறது. திரி ஒரு டஜன் வாங்கி வையுங்கள்.

வண்டியின் குட்டி லீவரைப் பற்றி ஒரு பொது மயக்கம் உண்டு: ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டுவிட்டால் எப்போதும் பாதுகாப்பு என்று. உங்கள் வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. முறுக்கம் முழுவதும் கியர்ப்பெட்டியில் ஏறும், லீவரைத் திரும்ப எடுக்க வராது. தார்ச்சாலை வந்ததும் டூ ஹைக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற நிலைக்கு) மாற்றிவிடுங்கள். அப்படியே இறுகிவிட்டால் நேராக ரிவர்ஸில் இரண்டு மூன்று மீட்டர் போனால் இளகும். ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கிற நிலை) போட வண்டியை முழுக்க நிறுத்துங்கள். செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் லோ, முதல் கியர், கால் கிளட்சிலிருந்து விலகி இருக்க வேண்டும். கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடிப்பு போய் வண்டி பாயும்.

எடுத்துக்கொள்ள வேண்டியதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. அழுத்தமானி, கம்ப்ரசர், பஞ்சர் பெட்டி, மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் கனமான பலகை, நான்கு கோணிச்சாக்கு, இரண்டு ஷாக்கிள் (பட்டையைக் கொக்கியில் மாட்டுகிற இரும்பு வளையம்), எட்டு டன்னாவது தாங்குகிற இழுவைப் பட்டை, பத்து லிட்டர் தண்ணீர், முதலுதவி. செல்போன் சிக்னல் சமவெளியில் பெரும்பாலும் கிடைக்கும், இருந்தாலும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு இரும்பு கிராஷ் கார்டு போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; 2017-இலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று சொன்னது, ஏர்பேக்கும் சரியாக வேலை செய்யாது.

சேற்றில் சிக்கினால், சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியதும் காலை எடுத்துவிடுங்கள். இரண்டாவது சுற்று உங்களைத் தோண்டி உள்ளே இறக்கும். வந்த தடத்திலேயே மெல்ல ரிவர்ஸ் முயலுங்கள். அது ஏற்கெனவே அமுங்கிய மண். வராவிட்டால் எல்லோரும் இறங்கிக்கொண்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் சரிவாக மண்ணை வெட்டி எடுங்கள். அடியில் குனிந்து டிஃபரன்ஷியல் உருண்டை மண்ணில் புதைந்திருக்கிறதா பாருங்கள், புதைந்திருந்தால் அதையும் விடுவியுங்கள். காற்றை 15-க்கு இறக்குங்கள். சாக்கை நனைக்காமல், சக்கரத்துக்குள் ஒரு சாண் நுழைகிற மாதிரி திணியுங்கள். ஃபோர் லோ, இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரை மிதமாக. முதல் கியரில் முறுக்கம் அதிகம், சாக்கைப் பின்னால் எறிந்துவிடும்; சக்கரத்துக்கு நேர்பின்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

அதற்கும் வராவிட்டால் டிராக்டர்தான். கொங்கில் டிராக்டர் கிடைக்காத தடமில்லை, கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் சங்கிலியை எங்கே மாட்டுவது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்: சேசிஸோடு சேர்ந்த இழுவைக் கொக்கியில் மட்டும். அச்சிலோ, பம்பரிலோ, ஸ்டியரிங் தண்டிலோ கட்டினால் வண்டி வெளியே வரும், பாகம் உள்ளே நின்றுவிடும். சங்கிலி விறைப்பான பிறகு மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். தளர விட்டு வெடுக்கென்று இழுத்தால் அறுந்து தெறிக்கிற முனை ஆளைக் கொல்லும். இழுக்கும்போது சங்கிலியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. காசு வேண்டாம் என்பார்கள், டீசலுக்கென்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நாள்களைப் பொறுத்து ஒன்று. மாட்டுப் பொங்கலன்று இட்டேரியெல்லாம் மாடும் வண்டியும் பட்டிப் பொங்கல் கூட்டமுமாக இருக்கும். அதற்கடுத்த நாள் பூப்பறிக்கும் நோன்பி. பெண்களும் குழந்தைகளும் கூட்டமாகக் கரட்டுக்கும் ஆற்றுக்கும் நடந்து போவார்கள். அந்த இரண்டு நாளும் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களோடு நீங்களும் நடந்து போங்கள். மலை பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் தார்ச்சாலையிலேயே போய் வரலாம். நீலகிரி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் ஆகியிருக்கிறது, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வேலை பாக்கி இருக்கும். தோட்டத்து மோட்டார்த் தண்ணீரைத் திருப்பி, நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் கையை விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெளியே பார்க்க வண்டி சுத்தமாக இருந்தாலும் ரிம்மின் உள்வளையத்தில் களிமண் ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். சேலம் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும், அலைன்மென்ட் போய்விட்டது என்று நினைத்து வழியில் கடை தேடுவீர்கள். ரேடியேட்டர் இடுக்கில் புல்விதை அடைத்திருந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெல்லப் பாய்ச்சினால் போய்விடும். அழுத்தமாக அடித்தால் தகடு மடங்கும். ஏர்ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டு, டயர்க் காற்றைக் குளிர்ந்த டயரில் பழைய அளவுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.